தலகாணியை எடுடா!

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம். எழுதினா என் தப்பும் சேர்ந்து வெளிய வருமேன்னு ஒரு தயக்கம். பரவாயில்ல, இங்க வர்றவங்க எல்லாம் நம்ம மக்கள்தானே. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

2023 ஐப்பசி. காரைக்கால்ல ஐப்பசி மழை எப்படி இருக்கும்னு டெல்டாக்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. தலத்தெரு வீட்டுக் கொல்லையில தொவைக்கிற கல்லைச் சுத்தி பச்சைப் பசேல்னு பாசி. என் அப்பாயி, அதாவது அப்பாவோட அம்மா, வயசு 74, விடியக்காலம் வாளியோட போனவங்க வழுக்கி விழுந்துட்டாங்க. தொடை எலும்பு மேல்முனையில முறிவு. நான் அப்ப சோழிங்கநல்லூர்ல பொட்டி தட்டிட்டு இருந்தேன். அப்பா போன்ல "ஒண்ணும் இல்லடா, லேசா விழுந்துட்டாங்க"ன்னு சொன்ன விதத்துலயே லேசா இல்லைன்னு புரிஞ்சிடுச்சு. டேமேஜர்கிட்ட சொல்லிட்டு அன்னிக்கு ராத்திரியே பஸ். சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடின்னு ஒவ்வொரு ஊரா ஜன்னல்ல போகுது, தூக்கம் மட்டும் வரல.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. தொடை எலும்புக்குள்ள ஒரு நீளக் கம்பி, அதுலேர்ந்து இடுப்புப் பந்து வரைக்கும் ஒரு பெரிய திருகாணி. எக்ஸ்ரேவைப் பாத்தா நம்ம வீட்டுக் கதவுத் தாழ்ப்பாள் மாதிரியே இருக்கும். ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

இங்கதான் ஐயா களத்துல எறங்குறேன். "அப்பாயி ரிக்கவரி"ன்னு ஒரு புராஜெக்ட் மாதிரியே நடத்துனேன்னா பாத்துக்கங்க. தலைமாட்டைத் தூக்கி எறக்குற கட்டில் வாடகைக்கு. காத்து மெத்தை. கூப்பிட்டா ஓடி வர ஒரு மணி. பகல்ல பாத்துக்க ஒரு அம்மா. நாகூர் பக்கம் போய் நல்ல இலவம்பஞ்சுத் தலகாணி ரெண்டு வாங்கிட்டு வந்து, ஒண்ணை அப்பாயியோட ஆபரேஷன் ஆன கால் முட்டிக்கு அடியில வச்சேன். முட்டி லேசா மடங்கி இருந்தா வலி கொறையுதுன்னு அவங்களே சொன்னாங்க. எனக்கு எவ்ளோ பெருமை தெரியுமா! எங்க அம்மாகிட்ட வேற கண்டிப்பா சொல்லி வச்சிருந்தேன், "அப்பாயியை அசைய விடாதீங்க, என்ன வேணும்னாலும் கட்டிலுக்கே கொண்டுபோய்க் குடுங்க." சாப்பாடு கட்டில்ல, டிவி கட்டிலுக்கு எதிர்ல, மத்ததும் கட்டில்லயே. தெருவே வந்து பாத்துட்டு "பேரன்னா இப்படில்ல இருக்கணும்"னு சொல்லிட்டுப் போச்சு.

பதினெட்டாம் நாள் ஞாயித்துக்கிழமை, பிரான்ஸ் அத்தை வீடியோ கால்ல வந்தாங்க.

காரைக்கால்காரங்களுக்கு இது புதுசில்ல. வீட்டுக்கு ஒருத்தராவது பிரான்ஸ்ல இருப்பாங்க. எங்க மாமாவோட அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்த சொல்தா, அந்த வழியில குடும்பமே அங்க போய் செட்டில் ஆயிடுச்சு. அத்தைக்கு பாரிஸ் புறநகர்ல ஒரு முதியோர் இல்லத்துல வேலை. நம்ம ஊர்ல நர்சிங் ஹோம்னா பிரசவம் பாக்குற சின்ன ஆஸ்பத்திரி. அங்க அது வேற. தன்னால தனியா இருக்க முடியாத வயசானவங்க, ஆபரேஷன் ஆகி தேற வேண்டியவங்க, மாசக்கணக்கா, வருஷக்கணக்கா தங்குற இடம். அதுக்கு அங்க பேரு 'எபாட்'. அத்தை அங்க குளிப்பாட்டுறது, உடுத்தி விடுறது, நடக்க வைக்கிறது எல்லாம் செய்யிறாங்க. பதினஞ்சு வருஷ சர்வீஸ்.

நான் பெருமையா போனைத் திருப்பி கட்டில், மெத்தை, மணி எல்லாத்தையும் காட்டுறேன். அத்தை மூஞ்சி மாறுது.

"டேய், அந்தத் தலகாணியை எடுடா."

"இல்லத்தை, அது வலிக்காம இருக்க..."

"எடுடாங்கறேன்ல! எடுத்துட்டு காலை நீட்டச் சொல்லு."

எடுத்தேன். அப்பாயி நீட்டப் பாத்தாங்க. முட்டி கீழ போகல. தலகாணி இல்லாமலே, தலகாணி இருக்கிற மாதிரியே கால் அந்தரத்துல மடங்கி நிக்குது. நான் கையை வச்சு லேசா அமுக்குனேன், அப்பாயி கத்துன சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். அத்தை கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம் ரொம்ப மெதுவா, "நாளைக்கே பிசியோவைக் கூப்பிடு"ன்னு மட்டும் சொன்னாங்க.

அன்னிக்கு ராத்திரி உக்காந்து டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் படிச்சேன். மூணாம் பக்கத்துல தெளிவா இருக்கு. வலி பொறுக்குற அளவு காலை ஊன்றி வாக்கர்ல நடக்கலாம், முட்டிக்கும் கணுக்காலுக்கும் தினமும் பயிற்சி. வார்டுல வந்து செஞ்சும் காட்டியிருக்காங்க. அந்த நேரத்துல நான் பில் கட்டுற கவுன்ட்டர்ல க்யூவுல நின்னிருக்கேன். ரிலீஸ் நோட்ஸ் படிக்காம புரொடக்ஷன்ல ஏத்திட்டு, அப்புறம் முழிக்கிற ஜூனியர் பசங்களை நான் எத்தனை தடவை திட்டியிருப்பேன்! டாக்டர் "நல்லா ரெஸ்ட் எடுங்க பாட்டி"ன்னு சொன்ன ஒரே ஒரு வரிதான் எங்க மொத்த வீட்டுக்கும் காதுல விழுந்திருக்கு.

மறுநாள் பிசியோ பொண்ணு ஸ்கூட்டியில வந்தாங்க. கோனியாமீட்டர்னு ஒரு சாமான் வச்சிருந்தாங்க. ஸ்கூல்ல வச்சிருந்த பாகைமானிக்கு ரெண்டு நீளக் கை முளைச்ச மாதிரி இருக்கும். கால் நேரா நீண்டா பூஜ்யம். அப்பாயிக்கு 30 டிகிரிக்குக் கீழ நீளல, 75க்கு மேல மடங்கல. ஒடைஞ்சது இடுப்புப் பக்கம், முட்டிக்கு ஒண்ணுமே ஆகலை. நல்லா இருந்த முட்டியை பதினெட்டே நாள்ல நான் கெடுத்து வச்சிருக்கேன்.

ஏன் இப்படி ஆகுதுன்னு அந்தப் பொண்ணு சொன்னதும், நான் அப்புறம் தேடிப் படிச்சதும் சேத்துச் சொல்றேன். நம்ம ஊர்க்காரங்களுக்கு மதகு ஷட்டர் தெரியும். மேட்டூர்ல தண்ணி தொறக்குறதுக்கு முன்னாடி ஷட்டரை ஏத்தி எறக்கி எண்ணெய் விட்டு வைக்கலைன்னா, தண்ணி வர்ற அன்னிக்கு நாலு பேர் தொங்குனாலும் அசையாது. மூட்டும் அப்படித்தான், ஆனா ஒரு படி மேல. மூட்டுக்குள்ள இருக்கிற குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. அசையிறப்ப அமுங்கி விரியிறதுலதான் மூட்டுத் திரவம் உள்ள போய் அதுக்குச் சாப்பாடு கிடைக்குது. அசையலைன்னா மூட்டைச் சுத்தி இருக்கிற உறை சுருங்கி ஒட்ட ஆரம்பிக்கும். தசை அதைவிட மோசம். குட்டையா மடக்கி வச்ச தசை, "ஓ, இவ்ளோ நீளம் போதும் போல"ன்னு தன்னையே குட்டையாக்கிக்குது. 1970கள்ல விலங்குகள்ல செஞ்ச ஆராய்ச்சியிலேயே இதைப் பாத்திருக்காங்க. தசை நார்ல வரிசையா இருக்கிற அலகுகளோட எண்ணிக்கையே கொறைஞ்சிடுது. அதாவது உடம்பு துரு மட்டும் பிடிக்கல, புதுசா அளவெடுத்துத் தச்சுக்குது. நான் தலகாணி வச்சுக் குடுத்த அளவுக்கு!

படுக்கை மருந்து இல்ல, அதுவே ஒரு ஆபத்துன்னு ரிச்சர்ட் ஆஷர்னு ஒரு லண்டன் டாக்டர் 1947லயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல எழுதிட்டார். (பீட்டில்ஸ் ரசிகர்களுக்கு ஒரு கொசுறு: பால் மெக்கார்ட்னியோட காதலியா இருந்த ஜேன் ஆஷர் இவர் பொண்ணுதான்.) 1966ல டல்லாஸ்ல 20 வயசுப் பசங்க அஞ்சு பேரை மூணு வாரம் படுக்கையிலயே வச்சாங்க. 30 வருஷம் கழிச்சு 1996ல அதே அஞ்சு பேரைத் தேடிப் பிடிச்சு மறுபடி சோதிச்சாங்க. உழைக்கிற திறனைப் பொறுத்தவரைக்கும், முப்பது வருஷம் வயசானது செஞ்சதை விட அந்த மூணு வாரப் படுக்கை செஞ்ச சேதம்தான் அதிகம். இருபது வயசுக்கே இந்தக் கதின்னா 74க்கு?

அத்தை தினமும் ராத்திரி கூப்பிடுவாங்க. அவங்க இல்லத்துல நடக்கிறதைக் கேக்கக் கேக்க எனக்கு ஆச்சரியம். பெரிய மெஷின் எல்லாம் ஒண்ணும் இல்ல. ஆபரேஷன் ஆகி வந்தவங்களை முதல் நாளே நாற்காலியில உக்கார வைப்பாங்களாம். ராத்திரி உடுப்போட பகல்ல இருக்க விடமாட்டாங்களாம். சட்டை மாத்தி, தலை வாரி, சாப்பாட்டு மேசைக்கு வரணும். "கரண்டியை நாங்க ஊட்ட மாட்டோம்டா, அவங்களே எடுக்கணும். ஒரு வாய் சாப்பிட்டா தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் எல்லாம் வேலை செய்யுது பாரு. அதுக்கு மேல என்ன எக்சர்சைஸ்?" பிசியோவை அங்க 'கினே'ன்னு சொல்வாங்களாம். கினே வர்றது கொஞ்ச நேரம்தான், மிச்ச நேரமெல்லாம் உதவியாளர்கள் கையிலதான் இருக்கு. அத்தை ஒண்ணை மறைக்கல. "ஆள் பத்தாத நாள்ல நாங்களும் படுக்கையிலயே விட்டுடுவோம். ஒரு வாரம் அப்படிப் போனா போதும், கவுன் போட்டு விடுறப்ப கை தூக்க வராது. அப்பத் தெரிஞ்சிடும் யாரை விட்டுட்டோம்னு."

கையைத் தூக்கச் சொல்லிப் பாருன்னாங்க. பாத்தோம். அப்பாயியால கையைப் பின்னாடி கொண்டுபோய் கொண்டை போட முடியல. அதுவரைக்கும் எங்க அம்மா வாரி விட்டுட்டு இருந்ததால யாருக்குமே தெரியல. பாதத்தையும் பாக்கச் சொன்னாங்க. கனமான போர்வையை மெத்தைக்கு அடியில செருகி வச்சதால பாதம் கீழ்நோக்கி நீட்டிக்கிட்டு, மேல மடக்க சிரமம். கால் ஒண்ணுதான்னு நினைச்சா மொத்த உடம்பையும்ல கட்டிப் போட்டிருக்கேன்.

பிசியோ சொன்ன பயிற்சிகளைக் கேட்டா "இவ்ளோதானா"ன்னு தோணும். பாதத்தை மேலயும் கீழயும் ஆட்டறது. குதிகாலுக்கு அடியில (முட்டிக்கு அடியில இல்ல சாமி!) சுருட்டின துண்டை வச்சு, முட்டியைக் கட்டிலைப் பாத்து அமுக்கி அஞ்சு எண்ணுறது. குதிகாலைப் படுக்கையிலயே இழுத்து முட்டியை மடக்குறது. கட்டில் ஓரத்துல உக்காந்து எழுந்திருக்கிறது. அப்புறம் வாக்கர். டாக்டரைக் கேட்டு, வலி மாத்திரையை பயிற்சிக்கு அரை மணி முன்னாடி மாத்தினோம். பிசியோ இன்னொண்ணும் சொல்லி வச்சாங்க. ஆடுதசை திடீர்னு வீங்கி வலிச்சா ரத்தம் உறைஞ்சிருக்கலாம், பயிற்சியை விட்டுட்டு உடனே டாக்டர்கிட்ட ஓடணும்னு.

நடுவுல பெரியப்பா ஒரு எண்ணெய்த் தடவுறவரைக் கூட்டிட்டு வந்து நிக்கிறார். "நாலு அமுக்கு அமுக்குனா சரியாப் போயிடும்"கறார். வயசானவங்க எலும்பு, உள்ள கம்பி, இதுல பலவந்தமா மடக்கினா என்ன ஆகும்? சில சமயம் அடிபட்ட தசைக்குள்ளயே எலும்பு வளர ஆரம்பிச்சுடும்னு பிசியோ சொன்னதும் அப்பா கும்பிட்டு அனுப்பி வச்சுட்டார். பெரியப்பா ஒரு மாசம் எங்ககூட சரியா பேசல.

நம்ம பங்குக்கு நாமளும் சும்மா இருப்போமா? தானா காலை மடக்கி நீட்டுற மெஷின் ஒண்ணு இருக்கே, வாடகைக்கு எடுக்கலாமான்னு கேட்டேன். முட்டி மாற்று ஆபரேஷனுக்கு அப்புறம் அதைப் போட்டுப் பாத்த ஆய்வுகளை காக்ரேன் குழு 2014ல மொத்தமா அலசி, கிடைக்கிற பலன் சொல்லிக்கிற மாதிரி இல்லைன்னுட்டாங்க. அதே மாதிரி 2017ல, ஒருத்தர் பிடிச்சு இழுத்து நீட்டி விடுறது, கட்டை வச்சுக் கட்டுறது இதெல்லாம் ஏழு மாசத்துக்குக் கம்மியா செஞ்சா மூட்டு அசைவு பெருசா கூடுறதில்லைன்னும் சொல்லியிருக்காங்க. படிச்சுட்டு எனக்குக் கொஞ்சம் கிலி. அப்ப நாம செய்யிறதெல்லாம் வீணான்னு பிசியோகிட்டயே கேட்டுட்டேன். அவங்க சிரிச்சுட்டு, "நான் இழுக்கிறதை எண்ணாதீங்க சார். பாட்டி எத்தனை தடவை எழுந்தாங்கன்னு எண்ணுங்க"ன்னாங்க.

எண்ணச் சொன்னா விடுவோமா? எக்செல் ஷீட் தொறந்தாச்சு :-) தேதி, நீட்டல், மடக்கல், எழுந்த தடவை, நடந்த அடி. அப்பாயிக்கு அந்த கிராஃப் மேல பெரிய சந்தேகம். "என்னைய வச்சு கிரிக்கெட்டு ஸ்கோரு போடறியா?"

எதுக்கு எவ்ளோ வேணும்னும் எழுதி வச்சேன். சமதளத்துல நடக்க முட்டி 65, 70 டிகிரி மடங்கினா போதும். படி ஏறி இறங்க 85, 90. நாற்காலியிலேர்ந்து எழ 95 பக்கம். குந்தி உக்கார 130க்கு மேல. வெளிநாட்டுக்காரங்களுக்கு 110 வந்தா வாழ்க்கை ஓடிடும். நம்ம அப்பாயிங்களுக்கு அருவாமனை, மணை, கோலம், எல்லாமே தரையிலதானே இருக்கு! ஆனா பிசியோவுக்கு மடக்கலை விட நீட்டல்தான் கவலை. முட்டி முழுசா நீளலைன்னா கால் குட்டையாயிடும், நிக்கிற ஒவ்வொரு நிமிஷமும் தொடைத் தசை தம் கட்டிக்கிட்டே இருக்கணும், பத்தடியில களைச்சுப் போயிடுவாங்க.

மார்கழி கடைசியில 14, 92. அப்பத்தான் இன்னொரு தப்பு பண்ணேன். ஒருநாள் பயிற்சியில அப்பாயி அழுதுட்டாங்க. கத்தல் இல்ல, சத்தமே வராம கண்ணுல தண்ணி. எனக்குத் தாங்கல. பொங்கல் முடியட்டும்னு நானா லீவு விட்டேன். பிசியோவுக்கும் போன் போட்டு வரவேணாம்னுட்டேன். ஆறு நாள் கழிச்சு அளந்தா 19, 84. அந்தப் பொண்ணு ஒண்ணும் சொல்லல, ஷீட்டுல எண்ணை மட்டும் எழுதச் சொன்னாங்க.

அன்னிக்கு ராத்திரி அப்பாயிகிட்ட உக்காந்து, "அந்தத் தலகாணி வச்சது என் தப்பு அப்பாயி"ன்னு சொல்லிட்டேன். அவங்க வெத்தலை இடிச்சுக்கிட்டே (அதுவும் கைக்கு எக்சர்சைஸ்னு பிசியோ அனுமதி) சாதாரணமா சொன்னாங்க. "பத்து நாளுலயே தெரிஞ்சிச்சுப்பா, காலு புடிச்சுக்கிட்டு வருதுன்னு. எடுத்துப் போடச் சொல்லலாம்னுதான் இருந்தேன். நீ ஆசையா நாகூரு வரைக்கும் போயி வாங்கியாந்து வச்சே. எடுன்னு சொன்னா மனசு சங்கடப்படுவியேன்னு இருந்துட்டேன்."

இதுக்கு என்ன சொல்றது? நான் அவங்களுக்கு வலிக்கக் கூடாதுன்னு வச்சேன், அவங்க எனக்கு வலிக்கக் கூடாதுன்னு விட்டாங்க. நடுவுல முட்டி சுருங்கிடுச்சு. எழுந்து கொல்லைப் பக்கம் போய் கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்தேன்.

மறுநாள்லேர்ந்து மணியை எடுத்து பரண்ல போட்டோம். தண்ணி வேணும்னா அடுப்படி வரைக்கும் வாக்கர்ல வரணும். டிவியை கூடத்துக்கு மாத்தினோம். சீரியல் பாக்கணுமா, பதினாலு அடி நடங்க. இந்த டெக்னிக் எந்த மருந்தையும் விட நல்லா வேலை செஞ்சது. விளம்பரம் வர்றப்பல்லாம் பத்து தடவை குதிகால் இழுக்கணும்னு அப்பாவும் பேத்தியும் நடுவர் வேலை பாத்தாங்க. நான் சென்னைக்குத் திரும்பிட்டேன், ஷீட் மட்டும் தினமும் போன்ல நிரம்பிக்கிட்டே இருந்தது.

2024 ஆனி. மாங்கனித் திருவிழா. காரைக்கால்ல பிறந்துட்டு அம்மையார் கதை தெரியாம இருக்க முடியுமா? புனிதவதியார் கயிலாயத்துக்குக் காலால நடக்கக் கூடாதுன்னு தலையால நடந்து போனாங்க. அப்பாயி ஒரு மாசமா இதையேதான் சொல்லிட்டு இருந்தாங்க, "அவ தலையாலயே கயிலாசம் போனா, நான் காலால கடைத்தெரு போவ மாட்டனா?" பிசியோகிட்டயும் இதே வசனம்.

பாரதியார் சாலைப் பக்கம் சொந்தக்காரங்க வீடு. ஆட்டோவுல கூட்டிட்டுப் போனோம். அன்னிக்குக் காலையில அளந்தது 6, 108. அந்த 6 இனிமே பூஜ்யம் ஆகாது போல. லேசா தாங்கித் தாங்கித்தான் நடக்கிறாங்க. தரையில உக்காரவும் முடியாது. அருவாமனைக்கு பதிலா மேடைமேல கத்தி வச்சு நறுக்குறதை இன்னமும் ஒரு அவமானமாத்தான் நினைக்கிறாங்க.

பிச்சாண்டவர் ஊர்வலம் வர்றப்ப மாடியிலேர்ந்தெல்லாம் மாம்பழத்தை வாரி வீசுவாங்க, கீழ கூட்டம் பிடிக்கும். மாடி வேணாம், வாசல்ல நாற்காலி போட்டுத் தர்றோம்னு சொன்னோம். கேக்கல. பதினாறு படி. நல்ல காலை முதல்ல வச்சு ஏறணும், இறங்கறப்ப ஆபரேஷன் காலை முதல்ல வைக்கணும்னு பிசியோ சொன்னதை வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே, கைப்பிடியைப் பிடிச்சு ஏறினாங்க. நான் பின்னாடி ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு. ஏழாவது படியில கொஞ்சம் நின்னாங்க. பிடிக்கலாம்னு கையை நீட்டினேன்.

"கைய எடு"ன்னாங்க.

எடுத்துட்டேன்.

சாமி வந்தப்ப கைப்பிடிச் சுவரைப் பிடிச்சுக்கிட்டு ஒரு பழத்தை ஓங்கி வீசினாங்க. நேரா எதிர் வீட்டு சன்ஷேடுல போய் விழுந்துச்சு. இன்னும் தோள் கொஞ்சம் பாக்கி இருக்குன்னு அத்தைக்கு அன்னிக்கு ராத்திரியே ரிப்போர்ட் போயிடுச்சு.